பழுதுபார்த்தலும் ஒரு கல்வியே

தச்சனுக்கு உளி எத்தகையதோ, உழவனுக்குக் கலப்பை எத்தகையதோ, இக்காலத்துப் பொறியியலாளனுக்குக் கணினியும் அத்தகையதே. கருவி செவ்வையாக இருக்கும்வரை அதனை நாம் நினைப்பதில்லை. அது நலிவுற்றபோதுதான் நமது பிழைப்பின் எவ்வளவு பெரும்பகுதி அதனுள் அடங்கியிருந்தது என்பது புலனாகின்றது. மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென ஆசிரியர் குழுவினர் பணித்தபோது, கல்லூரி நாட்களின் நினைவுகளை எழுத என்னிலும் தகுதியுடையார் பலர் உளராதலின், கல்லூரியிலே கற்ற ஒரு சிறு பாடம் பல்லாண்டுகளின் பின் ஓர் இயந்திரத்தைப் பழுதுபார்க்க எவ்வாறு உதவிற்று என்பதை எழுதத் துணிந்தேன்.

அவ்வியந்திரம் 2018ஆம் ஆண்டில் வாங்கிய ஒரு மடிக்கணினி. கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் பயன்படும் சாதாரண வகையன்று. பொறியியற் கணிப்புகளுக்கென்றே ஆக்கப்பெற்ற உயர்தர வகையைச் சேர்ந்தது. நினைவகத் தகடுகளுக்கு நான்கு பொருத்துவாய்களும், தனியான வரைகலைச் சில்லும், செங்கல்லை ஒத்த ஒரு மின்வழங்கியும் உடையது. வன்னிக் குளங்களின் அணை, வான், வாய்க்கால் ஆகியவற்றைப் புனரமைப்பதற்கான கணிப்புகளை அதிலேயே செய்துவந்தேன். பெருமழைக் காலத்திற் குளத்து நீர்மட்டம் எவ்வளவு உயரும், வான் எவ்வளவு அகலமாக இருத்தல் வேண்டும் என்பனவே அது விடை கூறும் வினாக்கள். விடை பிழைத்தாற் கெடுவது காகிதம் மட்டுமன்று. அணையின் கீழ் வாழும் ஊராரின் வயலும் வீடுமாம்.

2023ஆம் ஆண்டில் அவ்வியந்திரம் நலியத் தொடங்கிற்று. ஒரு மணி நேரத்திலே முடியும் கணிப்பு நான்கு மணி நேரம் எடுத்தது. சில வேளைகளில் முன்னறிவித்தலின்றி அணைந்துபோயிற்று. பார்த்தோர் யாவரும் "இதனை விற்றுவிட்டுப் புதியது வாங்குக" என்றனர். சொல்வது எளிது. 2022ஆம் ஆண்டிலே எமது ரூபாய், ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 என்ற நிலையிலிருந்து 360 வரை வீழ்ந்தமை யாவரும் அறிந்ததே. இறக்குமதியாகும் பொருள்களின் விலை அதற்கேற்ப ஏறிற்று. முன்னே ஒரு நல்ல மோட்டார் சைக்கிளின் விலைக்குப் பெற்ற பொருளை மீண்டும் வாங்குவதாயின், வீட்டிலே வேறு பல தேவைகளைத் துறத்தல் வேண்டும். ஆதலாற் பழுதுபார்ப்பதென முடிவு செய்தேன்.

இவ்விடத்தே எமது பௌதிகவியல் ஆசிரியரை நினைவுகூர்தல் தகும். ஆய்வுகூடத்திலே ஒரு மின்சுற்று இயங்காதபோது மாணவராகிய நாம் கம்பிகள் அனைத்தையும் ஒருங்கே பிடுங்கி மாற்றுவோம். அவரோ, "ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று; மாற்றியதை எழுதிவை" என்பார். அன்று அது எமக்கு வெறுப்பூட்டும் கட்டளை. பழுதறியும் கலை முழுவதும் அவ்விரு வாக்கியங்களுள் அடங்கும் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

முதலிற் கோப்புகள் அனைத்தையும் இரண்டு புறத்தட்டுகளிற் பிரதி செய்தேன். நோயாளியை மேசையிற் கிடத்துமுன் செய்யவேண்டிய முதற் கடமை இதுவே. பின்னர் ஒரு கொப்பியை எடுத்து, எப்பொழுது, எவ்வாறு, எவ்வேலையின்போது இயந்திரம் தளர்கின்றது என்பதைக் குறிக்கலானேன். ஒரு வாரக் குறிப்பிலேயே, ஒரு நோயெனத் தோன்றியது உண்மையில் மூன்று நோய்கள் என்பது தெளிவாயிற்று. மின்வழங்கியை இணைத்த கணமே தோன்றும் தளர்ச்சி ஒன்று. வேலை தொடங்கிப் பத்து நிமிடங்களின் பின் தோன்றும் தளர்ச்சி இன்னொன்று. காரணமின்றி அணைந்துபோதல் மூன்றாவது.

முதலாவதன் காரணம் மின்வழங்கி. மின்னலிற் பழுதுற்ற பழைய வழங்கிக்குப் பதிலாகக் கடையிலே தந்தது, முனை பொருந்துவதாயினும் 90 வாற்று வலுவே உடையது. இயந்திரம் வேண்டுவதோ 180 வாற்று. போதிய வலு இல்லையென உணரும் இயந்திரம், தன்னைக் காத்துக்கொள்ளக் கணிப்புச் சில்லின் வேகத்தைத் தானே குறைத்துவிடுகின்றது. நண்பரொருவரிடம் உரிய வழங்கியை இரவல் வாங்கி இணைத்தபோது அந்நோய் அக்கணமே அகன்றது. மற்றையன இரண்டும் எஞ்சின.

இரண்டாவது, வெப்பம். இத்தகைய சில்லுகள் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை அணுகியதும் கருகாதிருக்க வேகத்தைக் குறைக்கும். எனது இயந்திரம் பத்தாவது நிமிடத்தில் அவ்வெல்லையைத் தொட்டது. எனவே அதனைத் திறந்தேன். திறக்கும் முறை முக்கியமானது: முதலில் மின்வழங்கியைக் கழற்றுக, மூடியைத் திறந்தவுடன் மின்கலவடுக்கின் இணைப்பை நீக்குக, உடலில் தேங்கிய நிலைமின் நீங்குமாறு புவியுடன் இணைந்த உலோகமொன்றைத் தொடுக. வெவ்வேறு நீளமுடைய திருகாணிகள் இடம் மாறினால், நீளமானது தாய்ப்பலகையைத் துளைத்துவிடலாம். ஆதலால் ஒரு தாளில் இயந்திரத்தின் படத்தை வரைந்து, ஒவ்வோர் ஆணியையும் அதனதன் இடத்திலே செருகி வைத்தேன்.

உள்ளே கண்டது வியப்பன்று. வயல்வெளிகளிலும் அணைகளிலும் என்னுடன் திரிந்த இயந்திரமல்லவா? விசிறிக்கும் செப்புத் தகடுகளுக்கும் இடையே செம்புழுதி கம்பளிபோற் படிந்திருந்தது. சில்லின் வெப்பத்தைக் கடத்திச் செல்லும் செப்புக் குழாயினுள் சிறிதளவு நீர்மம் உண்டு. அது சூடான முனையில் ஆவியாகிக் குளிர்ந்த முனையில் மீண்டும் நீர்மமாகி ஓயாது சுழல்கின்றது. குளிர்ந்த முனையிற் காற்றோட்டம் தடைப்பட்டால் அச்சுழற்சி பயனற்றதாகும். சில்லுக்கும் செப்புக்கும் இடையே பூசப்பட்ட பசையும் உலர்ந்து வெடித்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத காற்றிடைவெளிகளை நிரப்புவதே அப்பசையின் பணி. காற்றோ வெப்பத்தை எளிதிற் கடத்தாதது. புழுதியை நீக்கி, பழைய பசையை அற்ககோலினால் துடைத்து, புதியது பூசி மூடினேன். அதே கணிப்பை ஓட்டியபோது வெப்பநிலை 84 பாகையுடன் நின்றது.

மூன்றாவதே அஞ்சத்தக்கது. ஒரே குளத்தின் ஒரே கணிப்பை இருமுறை ஓட்டியபோது இரு வேறு நீர்மட்டங்கள் கிடைத்தன. அணைந்துபோகும் இயந்திரம் தன் நோயை வாய்விட்டுச் சொல்கின்றது; தவறான எண்ணை அமைதியாகத் தருவதோ நண்பன்போல் நடித்து வஞ்சிப்பது. நினைவகத்தைச் சோதிக்கும் நிரலை ஓர் இரவு முழுவதும் ஓட்டினேன். காலையிலே திரையிற் செந்நிற வரிகள் நிறைந்திருந்தன. இரண்டு தகடுகளுள் ஒன்றைக் கழற்றிச் சோதித்தேன், பின்னர் மற்றையதை. பிழை தரும் தகட்டை வேறு பொருத்துவாயில் மாற்றியபோது பிழையும் அதனுடனேயே சென்றது. ஆகவே குற்றம் தகட்டினது, பலகையினது அன்று.

நிற்க. பழுது தீர்ந்த பின்னரே மேம்படுத்தலைப் பற்றி எண்ணுதல் முறை. நினைவகத்தை 16 ஜிகாபைட்டிலிருந்து 64 ஆக்கினேன். அதுவும் பிழைதிருத்தும் வகையினதாக. அவ்வகையில் 64 இருமத் தரவுகளுக்கு மேலதிகமாக 8 சேர்த்து வைக்கப்படும். ஒன்று மாறினால் இயந்திரம் தானே திருத்தும், இரண்டு மாறினாற் கண்டு அறிவிக்கும். எல்லா மடிக்கணினிகளும் இவ்வகையை ஏற்பனவல்ல. ஏற்பதிலும் சாதாரண தகடுகளுடன் இதனைக் கலத்தல் ஆகாது. அடுத்து வன்தட்டு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டிலே வேண்டிய இடம் ஊசியின்கீழ் வந்துசேரவே சராசரி 4 மில்லிசெக்கன் செல்லும். சுழலும் உறுப்பில்லாத திண்மநிலைச் சேமிப்பகம் அதனிற் சிறுபங்கு நேரத்திலேயே விடை தரும். பழைய இயந்திரத்தைப் புதியதென மயங்கச் செய்வது இம்மாற்றமே.

மாற்றவியலாதனவும் உண்டு. கணிப்புச் சில்லும் வரைகலைச் சில்லும் பலகையோடு பற்றாசு கொண்டு ஒட்டப்பட்டவை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அடுத்த பதிப்பு ஏற்கும் சில்லுகளின் பட்டியலில் எனதில்லை. ஆதலால் அன்றாட வேலைகளுக்கு லினக்ஸைப் பயன்படுத்துகின்றேன். பழைய கணிப்பு நிரல்கள் வலையிணைப்பின்றி ஒருபுறம் இயங்குகின்றன. மூப்பை முற்றாக நீக்க எந்த வைத்தியனாலும் இயலாது. சில ஆண்டுகளைக் கூட்டித் தரலாம். அதற்கான செலவு புதிய இயந்திரத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவே. சந்தேகத்துக்குரிய குளக்கணிப்புகளை மீண்டும் ஓட்டி, இருமுறையும் ஒரே எண் கிடைத்த பின்னரே வரைபடங்களிற் கையொப்பமிட்டேன்.

வெளிநாடுகளில் வாழும் எம் பழைய மாணவர்கள் கல்லூரிக்குக் கணினிகளை அன்புடன் அனுப்பி வருகின்றனர். அவற்றுட் சில, ஒரு மின்வழங்கியோ ஒரு நினைவகத் தகடோ இன்றி அலுமாரியில் உறங்குவதும் உண்டு. ஆய்வுகூடத்தின் ஒரு மூலையிலே ஒரு மேசையும், நல்ல திருப்புளிகளும், ஒரு பல்மானியும், ஒரு குறிப்புக் கொப்பியும் வைத்து, அவற்றைத் திறந்து பார்க்க மாணவருக்கு இடமளித்தால் என்ன? கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அவை ஏற்கெனவே கெட்டவைதாமே. யூபிலி ஆண்டிலே பெரிய கட்டடங்களை எழுப்புவோர் எழுப்புக. அம்மேசைக்கு வேண்டிய திருப்புளிகளையும் பல்மானியையும் நான் தருகின்றேன்.