முட்டைக்குள் மூச்சு



இவ்வாரச் சிந்தனையை ஓர் அறிக்கையோடு தொடங்குகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு ஞாயிறு பள்ளி வகுப்பில் சிருஷ்டிப்பின் வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி முடித்திருந்தேன். லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன், ஆறு வயதுச் சிறுவன், எழுந்து நின்றான். அவன் வீட்டில் நாட்டுக்கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "ஐயா, முட்டை முழுக்க மூடியிருக்குதே, உள்ளே இருக்கிற குஞ்சு எப்படி மூச்சு விடும்?" என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியாது. ஒரு வீட்டு ஜெபத்திற்கு நேரமாகிக்கொண்டும் இருந்தது. "அதெல்லாம் ஆண்டவருடைய செயல். அப்படியெல்லாம் கேள்வி கேட்கக்கூடாது" என்றேன். அவன் தலையசைத்து உட்கார்ந்தான். அதன்பின் என்னிடம் அவன் எதையும் கேட்டதில்லை. அதைக் கீழ்ப்படிதல் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

அந்தச் சிறுவன் இன்று லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறார். சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்தபின், தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவள் இப்போதுதான் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். என் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பார்த்து, "இதுக்குள்ள பேசினா அங்க எப்படிக் கேக்குது?" என்று தொடங்கினாள். தகப்பன் அவள் தோளை மெல்ல அழுத்தினார். "கண்ணு, ஐயாகிட்ட அதெல்லாம் கேக்கக்கூடாது" என்றார். மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார். ஆயினும், நான் அவருக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அவர் மகளிடம் போய்ச் சேர்வதை அன்று என் கண்களால் கண்டேன்.

பிரியமானவர்களே, அன்றைய கேள்விக்குரிய விடையைப் பிற்பாடு ஒரு மெல்லிய படப்புத்தகத்தில்தான் கற்றேன். முட்டையின் ஓட்டில் கண்ணுக்குப் புலப்படாத ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. அவற்றின் வழியே காற்று உட்செல்கிறது. ஓட்டின் உட்புறத்தை ஒட்டிப் படரும் மெல்லிய இரத்த நாளங்கள் அக்காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் கருவுக்குக் கொண்டுசேர்க்கின்றன. முட்டையின் அகன்ற முனையில் ஒரு சிறு காற்றறையும் உண்டு. இருபத்தொரு நாள் அடைகாப்பு முடியும் தறுவாயில், குஞ்சு முதலில் அந்த அறையின் சவ்வைக் கிழித்து, தன் நுரையீரலால் முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. அதன் பின்னரே ஓட்டை உடைத்து வெளிவருகிறது. இதை வாசித்த அன்று ஆண்டவருடைய செயலைக் குறித்த என் வியப்பு பெருகியது. அச்சிறுவனுக்கு நான் மறுத்தது இந்த வியப்பைத்தான்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு இவற்றைத் தமிழில் சொல்ல இயலுமா என்று சிலர் ஐயுறலாம். அந்த ஐயத்தை நம் மண்ணிலேயே ஒருவர் நூறாண்டுகளுக்கு முன்பு எதிர்கொண்டார். சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி, 1916ஆம் ஆண்டில், அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கத்தை அங்கு அமைத்தார். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், உயிரியல் ஆகிய துறைகளின் சொற்களுக்கு எளிய தமிழ்ச் சொற்களைத் தேடுவதே அதன் பணி. 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டுக்கு அருகே, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவியவரும் அவரே. வேதியியலைத் திண்ணையில் அமர்ந்து பேசும் பேச்சைப்போல் எளிமையாக்கி, 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலையும் எழுதினார். பெரிய அறிவைத் திண்ணைக்கு அழைத்துவருவதில் இழிவு ஒன்றும் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

இன்று அந்தத் திண்ணை இன்னும் சிறியவர்களுக்காகத் தாழ்த்திக் கட்டப்பட்டுள்ளது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987 முதல் சிறுவர்களுக்கு அறிவியலைத் தமிழில் சொல்லிவருகிறது. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில், வாசிப்பு நிலைகளின்படி பிரிக்கப்பட்ட படக்கதைகள் தமிழிலும் கிடைக்கின்றன. அவற்றைக் கட்டணமின்றி இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். நம் அரசுப் பள்ளிகளின் 'வாசிப்பு இயக்கம்' தன் சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வகுத்திருக்கிறது. பிள்ளை நுழையும்போதே அதனிடம் பறக்கச் சொல்லுகிறவர்கள் நாம். அந்த நான்கு சொற்கள் நமக்கும் ஒரு போதனை.

ஒரு நல்ல தொடக்க நூலை எப்படி அறிவது? பக்கத்திற்கு இரண்டு மூன்று வரிகளே இருக்கும். எழுத்து பெரிதாக இருக்கும். படம் பாதி செய்தியைத் தானே சொல்லும். நூல் முழுவதும் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றி நடக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை மூடி வைத்தபின் பிள்ளை எதையாவது தொட்டுப் பார்க்க ஓடும். பொது அறிவு வினாவிடைத் தொகுப்பு இதற்கு ஈடாகாது. அது விடைகளை மனனம் செய்யவைக்குமேயன்றி, கேட்கக் கற்றுத்தராது.

சென்ற ஆண்டின் அந்த ஞாயிறுக்குப் பின், நம் ஞாயிறு பள்ளி அலமாரியில் வேதாகமக் கதைப் புத்தகங்களுக்கு அடுத்த தட்டில் இத்தகைய நூல்கள் இருபதை வைத்தேன். நம் மூப்பர் ஒருவர் அன்போடு என்னிடம், "ஐயா, எப்படி, ஏன் என்று கேட்டுப் பழகும் பிள்ளை நாளை விசுவாசத்தையும் கேள்வி கேட்காதா?" என்று வினவினார். அது நியாயமான அச்சம். அவருக்கு நான் இரண்டு காரியங்களைச் சொன்னேன்.

ஒன்று, ஏதேனில் ஆண்டவர் மனிதனுக்குக் கொடுத்த முதல் வேலைகளுள் ஒன்று மிருகங்களுக்குப் பெயரிடுவது. உற்றுப் பார்க்காமல் ஒருவன் பெயரிட முடியாது. இரண்டு, நம் ஓட்டுநர்களின் வண்டியில் இருக்கும் எண்ணெய் ஜாக்கி. ஒருவர் கைப்பிடியைத் திரும்பத் திரும்ப அமிழ்த்துகிறார். பாரமேற்றிய லாரி நூலளவு நூலளவாக உயருகிறது. சிறிய உருளையில் தரப்படும் அழுத்தம் எண்ணெயின் வழியே பெரிய உருளைக்குச் செல்கிறது. கை நெடுந்தூரம் செய்த சிறு வேலை, குறுகிய தூரத்தில் பெரும் பாரத்தைத் தூக்குகிறது. திரவ அழுத்தத்தின் இந்த விதியை வகுத்தவர் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த பிளேஸ் பாஸ்கல். கிறிஸ்துவின்மேல் ஆழ்ந்த பற்றுக்கொண்டு விசுவாசத்தைக் குறித்து எழுதியவரும் அவரே. கேள்வி கேட்ட மனமும் ஜெபித்த மனமும் அவருக்குள் ஒன்றாகவே இருந்தன. பிள்ளையின் விசுவாசத்தைக் கெடுப்பது கேள்வி அன்று; கேள்விக்கு அஞ்சும் பெரியவர்களைப் பார்ப்பதே என்று நான் நம்புகிறேன்.

மூப்பர் சிறிது நேரம் மௌனமாயிருந்தார். அடுத்த வாரம் தம் பேரனை அலமாரிக்கு அழைத்துவந்தார்.

"எங்களுக்கே வாசிக்க வராதே, நாங்கள் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?" என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன். இதை வாசிக்கிறவர்கள் அவர்களுக்கும் சொல்லுங்கள். பிள்ளைக்கு எழுத்துத் தெரியும். உங்களுக்குப் பொருள் தெரியும். பிள்ளை நெம்புகோலைப் பற்றி வாசிக்கட்டும். நீங்கள் ஜாக்கியின் கைப்பிடியை அதன் கையில் கொடுங்கள். பிள்ளை முட்டையைப் பற்றி வாசிக்கட்டும். கோழிப்பண்ணையில் வேலை செய்யும் தாய் ஒரு முட்டையை எடுத்து, இருட்டறையில் அதன் அகன்ற முனையில் டார்ச் விளக்கைப் பிடித்துக் காட்டட்டும். காற்றறை தெளிவாய்த் தெரியும். வெந்நீரில் முட்டையை இட்டால் ஓட்டிலிருந்து சிறு குமிழிகள் எழுவதையும் காணலாம். நுண்துளைகள் பொய்யல்ல என்று பிள்ளையின் கண்ணே சாட்சி சொல்லும். நீங்கள் நாள்தோறும் செய்யும் தொழில் ஓர் அறிவு என்பதைப் பிள்ளை அன்று அறிந்துகொள்ளும். தகப்பனுடைய எண்ணெய் படிந்த கைகளை அது மதிக்கத் தொடங்கும்.

தெரியாததைக் கேட்டால், "எனக்குத் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அன்று நான் சொல்லத் தவறிய வாக்கியம் அதுதான்.

சில வாரங்களுக்கு முன் பட்டறையிலிருந்த அச்சகோதரரிடம் சென்று, பழைய சம்பவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார், அது தமக்கு நினைவிலேயே இல்லை என்றார். இருக்கலாம். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "ஆனா ஐயா, குஞ்சு எப்படித்தான் மூச்சு விடுது?" என்று கேட்டார். இருவரும் பலகைகளின்மேல் உட்கார்ந்தோம். நான் சொன்னேன். ஒலிவாங்கியைப் பற்றிய புத்தகம் ஒன்றை அவர் மகளுக்காக இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வரும் ஞாயிறு முதல், ஆராதனை முடிந்தபின் கால்மணி நேரம் அலமாரி திறந்திருக்கும். பிள்ளைகளைத் தனியே அனுப்பாமல், நீங்களும் உடன் வந்து அமருங்கள்.

பரம தகப்பனே, சிறியவர்களின் கேள்விகளுக்குச் செவிகொடுக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் தாழ்மையையும் தாரும். ஆமென்.

உங்கள் போதகர்