கேம்ப் ரோடு சிக்னல்: பச்சை விளக்கு யாருக்கு?

மாலை 6 மணி. கிழக்குத் தாம்பரத்தில் நான் ஏறிய வேளச்சேரி பஸ், சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் நின்றுவிட்டது. முன்னால் தண்ணீர் லாரி, பக்கத்தில் ஷேர் ஆட்டோ, கிடைத்த இடுக்கில் எல்லாம் டூ வீலர். பச்சை விழுந்தும் நகரவில்லை. "நடந்தே போயிடலாம்போல" என்று பின் சீட்டில் ஒருவர் அலுத்துக்கொள்ள, நான் இறங்கிவிட்டேன்.

ஓரமாக நின்று பார்த்தால் சிக்னலின் சிக்கல் புரிகிறது. சாதாரண சிக்னல் ஒரு கடிகாரம் மாதிரி. ஒரு பக்கம் ரோடு காலியாகக் கிடந்தாலும், மறுபக்கம் வரிசை நீண்டாலும் அதே நொடிகள்தான். அதனால்தான் நெரிசல் நேரத்தில் போலீஸாரே கையால் இயக்க வேண்டியிருக்கிறது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் 'அடாப்டிவ்' சிக்னல். சென்சாரோ கேமராவோ வண்டிகளைக் கணக்கிட்டு, பச்சை நேரத்தைக் கூட்டும், குறைக்கும். சிட்னியில் 1970-களிலேயே வந்துவிட்டது. சென்னையில் ஈ.வெ.ரா. பெரியார் சாலையிலும் தொடங்கியிருக்கிறார்கள். காலியான ரோட்டுக்குப் பச்சை வீணாவது இதனால் குறையும்.

ஆனால், அது எண்ணுவது பெரும்பாலும் வண்டிகளைத்தான். 60 பேர் வரும் பஸ்ஸும் அதற்கு ஒரு வண்டி. ஒருவர் மட்டும் வரும் காரும் ஒரு வண்டி. நடந்து போகிறவர்?

என் பக்கத்தில் ஒரு பாட்டி. ஒரு கையில் பேரன், இன்னொரு கையில் அவன் ஸ்கூல் பை. நடப்பவரின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் 20 மீட்டர் ரோட்டைக் கடக்க 17 நொடி. பாட்டி 0.8 மீட்டர் வேகத்தில் நடந்தால் 25 நொடி. அந்த 8 நொடியை யார் தருவது?

இன்னொரு வழி, சிக்னலை மூடிவிட்டு யூ-டர்ன் வைப்பது. ஓ.எம்.ஆரில் பார்த்திருப்பீர்கள். வண்டிகள் நிற்காமல் ஓடும். வண்டி நிற்காத ரோட்டை நடப்பவர் எப்படிக் கடப்பார்? இதே சாலையில் மேடவாக்கத்தில் 2022-ல் திறந்த மேம்பாலம், நேராகப் போகும் வண்டிகளை மேலே தூக்கிவிட்டது. ஆனால் காய்கறிப் பையோடு கடக்கிறவர் இன்னமும் கீழேதான் நிற்கிறார்.

சிவப்பு விழுந்தது. பாட்டி கையை உயர்த்திக்கொண்டே இறங்கினார், கூடவே நானும். பாதி ரோட்டிலேயே ஹாரன் ஆரம்பித்துவிட்டது.

அடுத்த முறை சிக்னலில் நிற்கும்போது வெள்ளைக் கோட்டுக்கு முன்பே வண்டியை நிறுத்துங்கள். பச்சை விழுந்தாலும், யாராவது கடந்துகொண்டிருந்தால் ஒரு சில நொடி பொறுங்கள். பாட்டிக்குத் தேவைப்பட்டது வெறும் 8 நொடிதான்!