மீன் மேல ஐஸா... ஐஸ் மேல ஆளா?

டொரன்டோவில் இருக்கும் சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டிருந்தான். "ஜனவரிக்கு வாண்ணா! சிம்கோ ஏரி கெட்டியா உறைஞ்சு கிடக்கும். ஓட்டை போட்டு மீன் பிடிக்கலாம்!" கூடவே பதினோரு அயிட்டம் கொண்ட ஒரு பட்டியல். அங்கே வாங்கினால் டாலராம். இங்கேயே சேர்த்துக் கொண்டு வரணுமாம்.

நானோ மாதவரம்வாசி. எங்களுக்குக் குளிர் என்றால் பால் பண்ணை, ஏரி என்றால் ரெட்டேரி. அது உறைந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனாலும் பி.காம். படித்த புத்தி, ஏழு மாதம் முன்னாடியே கொள்முதலில் இறங்கிவிட்டேன்.

மங்கி கேப் வீட்டிலேயே கிடைத்தது. அப்பாவின் மார்கழிச் சொத்து. ஐஸைத் துளைக்க இடுப்புயரத் திருகு கேட்டேன். மூலக்கடை ஹார்டுவேர்ஸ்காரர், "போர் போடணுமா சார்?" என்றார். துளையில் மிதக்கும் ஐஸ் தூளை அள்ள ஓட்டைக் கரண்டி வேண்டும் என்று வீட்டில் சொன்னதுதான் தாமதம், பூந்திக் கரண்டி தலைமறைவாகிவிட்டது!

பாக்கி இருந்தது தூண்டில் முள், நரம்பு, ஈயம். அதற்குக் காசிமேடுதானே? தண்டையார்பேட்டை நெரிசலில் நீந்திப் போய்ச் சேர்ந்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் முடிகிற நேரம். துறைமுகமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. டீசல், அரிசி மூட்டை, தண்ணீர் கேன், பார் பாராக ஐஸ். ஐஸை மெஷினில் நொறுக்கிப் படகின் அடியறையில் கொட்டிக் கொண்டிருந்தார்கள்.

வலை தைத்துக் கொண்டிருந்த பெரியவரிடம் நம்ம கனடா திட்டத்தைப் பெருமையாகச் சொன்னேன்.

"இன்னா சார் இது? நாங்க மீன் மேல ஐஸ் போடுவோம். அவுங்க ஐஸ் மேல ஆளப் போடுறாங்களா?" என்று சிரித்தவர், சட்டென்று கேட்டார்: "ஐஸ் ஒடைஞ்சா எப்பிடி ஏறுவாரு?"

பட்டியலைப் புரட்டினேன். மீன் பிடிக்கப் பதினோரு சாமான் இருந்தது. ஆள் கரையேற ஒன்றுகூட இல்லை.

"ஒரு தபா போட்டு கவுந்து, ராத்திரி முச்சூடும் டீசல் கேனப் புடிச்சினு கெடந்தேன் சார். வலைய அப்புறம் ஏத்து. திரும்பி வரத்துக்கு இன்னா வச்சினுக்குற, அத மொதல்ல ஏத்து."

ராத்திரி தம்பிக்கு போன் போட்டேன். "தெளிவான ஐஸ் நாலு அங்குலமாவது இருந்தா ஒரு ஆள் தாங்கும்ணா. வெள்ளையா இருந்தா பலம் பாதிதான்" என்றான் கெட்டிக்காரத்தனமாக.

"தாங்கலைன்னா?"

"கழுத்துல ரெண்டு முள்ளு மாட்டிக்கணும். ஈர ஐஸ் வழுக்கும், கை பிடிக்காது. முள்ளைக் குத்திக் குத்தித்தான் மேல ஏறணும்."

"நீ மாட்டிக்கறியா?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ரெண்டு வருஷமாகப் போகிறான்!

மறுநாள் அதே ஹார்டுவேர்ஸ் கடையில் மரப்பிடி போட்ட குத்தூசி நாலு வாங்கினேன். முனைக்குத் தக்கை செருகி, காசிமேட்டு நைலான் கயிற்றில் ஜோடி ஜோடியாகக் கோத்தேன். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

தூண்டில் முள்ளெல்லாம் பரணில் கிடக்கிறது. இந்த ரெண்டு ஜோடி மட்டும் பீரோவில், பாஸ்போர்ட் பக்கத்தில்.