இழுத்த செயின்

"செயின் இழுத்துடுச்சு சார், மாத்தணும்" என்பார் மெக்கானிக். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டுக்குள்ளும் இருக்கிற பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. மூட்டுக்கு 0.1 மி.மீ. தேய்ந்தால், 100 மூட்டுள்ள செயின் 10 மி.மீ. நீண்டுவிடும். பிறகு அது ஸ்ப்ராக்கெட்டில் சரியாக உட்காராது; பல்லைக் கொக்கிபோலத் தேய்த்துவிடும். அதனால்தான் முன்னும் பின்னும் உள்ள ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாகவே மாற்றச் சொல்கிறார்கள்.

உணவு டெலிவரிக்கு ஓடும் என் தம்பியின் கணக்கு வேறு. "செட்டு மாத்தினா நாலு நாள் சம்பாத்தியம் போயிரும்ணா. கொஞ்சம் டைட் வெச்சு ஓட்டிக்கிறேன்" என்கிறான். அளவுக்கு மேல் டைட் வைத்தால், பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த இழுவை கியர்பாக்ஸ் பேரிங்கைத் தாக்கும். தொளதொளவென்று விட்டால் ஓட்டத்தில் செயின் கழன்று சக்கரத்தையே பூட்டிவிடலாம். பின்னால் பஸ் வரும்.

ஞாயிறு இரவுகளில் அவன் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, மண்ணெண்ணெயில் செயினைத் துடைத்து, 90 ஆயில் விடுகிறேன். சக்கரத்தைச் சுற்றி, செயின் அதிகம் இறுகும் இடத்தில் வைத்து ஆட்டம் பார்க்கிறேன். எண்ணெய் தேய்மானத்தைத் தள்ளிப்போடும். தேய்ந்ததைத் திருப்பித் தராது. சம்பளம் வந்ததும் செட்டை வாங்கிவிடுவேன், அவனிடம் கேட்காமல்.