கண்ணாடியில் பிறக்கும் பூக்கல்

கண்ணாடியைத் துடைப்பதில்தான் வேலை தொடங்குகிறது. காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் நான் போன தரைக்கல் பட்டறையில் ஓர் அக்கா சதுரக் கண்ணாடிகளைத் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தூசி ஒட்டியிருந்தால் அது அப்படியே கல்லின் முகத்தில் விழுந்துவிடுமாம்.

பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு கண்ணாடியை எடுத்து அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்தார். சட்டத்துக்குள் அச்சு இறங்கியது. தகட்டை வளைத்துப் பற்றவைத்து, இதழுக்கு ஓர் அறை, இலைக்கு ஓர் அறை என்று பிரித்த அச்சு அது. சிமெண்டையும் ஆக்ஸைடு நிறப்பொடியையும் தண்ணீரில் கரைத்துவைத்த கலவையைச் சிறு கரண்டியால் மொண்டு அறை அறையாக ஊற்றினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. ஊற்றி முடித்ததும் அச்சை நேர்மேலே தூக்கினார். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன, கலக்கவில்லை. எப்படி ஐயா என்று கேட்டேன். “தண்ணியாப் போனா ஓடிரும், கெட்டியாப் போனா மூலைக்குப் போகாது. கைக்குத் தெரியும்” என்றார்.

அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த தூளைத் தூவினார். அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டது. பிறகு ஈரச் சாந்தை நிரப்பிக் கரணையால் மட்டம் பார்த்து ஓரமாக வைத்தார். கல் இறுகியபின் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிறது. நாள்கணக்கில் ஊறி, வெளியே வந்து காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுவிடுகிறது. சூளை கிடையாது, சுடுவது கிடையாது.

இதில் என்னை நிறுத்திவைத்தது ஒன்று உண்டு. பூவின் முகம் கீழே கண்ணாடியைப் பார்த்திருக்கிறது. செய்கிறவர் பார்ப்பதெல்லாம் முதுகுப்பக்கம். நிறம் சமமாக விழுந்ததா, கோடு பிசகியதா என்பது கண்ணாடி விலகும்வரை தெரியாது. அத்தனை நாளும் அவர் தம் கையை நம்பித்தான் அடுத்த கல்லுக்குப் போகிறார்.

சிமெண்டில் பூக்கல் வார்க்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உருவானது. மும்பையில் 1922இல் சுதேசி உணர்வோடு தொடங்கிய பாரத் ஃபுளோரிங்ஸ் போன்ற நிறுவனங்களில் அழுத்த எந்திரம் வைத்து அதைச் செய்தார்கள். ஆத்தங்குடியில் அந்த எந்திரம் இல்லை. கல்லுக்கு வழவழப்பைக் கொடுப்பது கண்ணாடி. வீட்டில் பதித்தபின் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைக்கிறார்கள். அதன்பிறகு கால் படப்படத்தான் மெருகு ஏறுகிறது. பூட்டிய வீட்டுத் தரை மங்கிப்போவது அதனால்தான்.

பூட்டிய வீடுகளுக்கு இங்கே பஞ்சமில்லை. பர்மாத் தேக்கும் இத்தாலிச் சலவைக்கல்லும் பெல்ஜியம் கண்ணாடியும் கொண்டுவந்து, பர்மா போன்ற நாடுகளில் தொழில் செய்த நகரத்தார் என்ற செட்டியார் சமூகத்தினர் கட்டிய வீடுகள் இவை. 1930களின் மந்தம் வந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. கடல்தாண்டிய வருமானம் நின்றபின் வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்தன. இன்று பல வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் மட்டும் திறக்கின்றன. சில வீடுகளின் தூணும் நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. கொத்தமங்கலத்துச் சாரதா விலாஸைப் போலச் சீரமைக்கப்பட்டு விருந்தினர்களை வரவேற்கும் வீடுகளும் உண்டு. 2014இல் காரைக்குடியைச் சுற்றிய செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. மகிழ்ச்சிதான். ஆனால் இந்த வீடுகளின் முகப்பையும் வளவு என்னும் உள்முற்றத்தையும் பட்டாலை என்னும் கூடத்தையும் படம் எடுத்துப் போகிறவர்களில் எத்தனை பேர் காலடித் தரையைச் செய்த கையை நினைக்கிறார்கள்?

முப்பது வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து சீர்செய்துவிடலாம். கல் வார்க்கும் கை ஒரு தலைமுறை விட்டுப்போனால் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. அந்தப் பட்டறைச் சுவரில் பழைய அச்சுகள் வரிசையாகத் தொங்கின. பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் உடைந்த கல்லைக் கொண்டுவந்து கொடுத்தால் அதைப் பார்த்துப் புது அச்சு செய்கிறார்கள். ஆக, வீடுகளைக் காப்பாற்றுவதற்கே இவர்கள் வேண்டும். ஆனால் இவர்களுக்குக் கூலி கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்குதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கல் காயாது, வேலையும் மந்தம். பெரியவரின் விரல் இடுக்குகளை சிமெண்ட் அரித்திருந்தது. போதாக்குறைக்கு, ஆத்தங்குடிப் பூவை எந்திரத்தில் அச்சிட்ட செராமிக் டைல்ஸ் கடைகளில் கிடைக்கிறது. வடிவம் இந்த ஊருடையது. அதில் வரும் காசு இந்த ஊருக்கு வருவதில்லை.

செட்டிநாட்டிலேயே வேறொரு வழி நடந்திருக்கிறது. கொட்டான் என்னும் பனையோலைக் கூடை ஒருகாலத்தில் நகரத்தார் வீட்டு ஆச்சிமார் வீட்டோடு பின்னியது, சீருக்கும் விசேஷத்துக்குமானது. அது மறைந்துகொண்டிருந்தபோது விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை, சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது. ஒரு சமூகத்தின் வீட்டுக்குள் இருந்த கைவேலை பல வீட்டுப் பெண்களின் பிழைப்பானது. செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மரபைப் பகிர்வது என்று நான் புரிந்துகொள்வது இதைத்தான்.

பூக்கல்லுக்கும் அப்படி ஏதாவது செய்ய வேண்டும். ஆத்தங்குடியில் கட்டணம் கட்டிப் பார்க்கும் பெரிய வீடு இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களைப் பட்டறைக்கும் முறையாக அழைத்துப்போய், அதற்கான கட்டணத்தைத் தொழிலாளர் கையில் கொடுக்கலாம். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்குப் பழகும் காலத்தில் உதவித்தொகை வேண்டும். அது இல்லாமல் எந்தத் தாய் தகப்பன் பிள்ளையை இங்கே அனுப்புவார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தக் கல் இந்தப் பக்கத்துப் பொதுக் கட்டிடங்களுக்குள் வர வேண்டும்: அங்கன்வாடி, நூலகம், ஊராட்சி அலுவலகம், பள்ளிக்கூடம். செலவு கூடும் என்று அதிகாரிகள் சொல்லலாம். பட்டறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் பள்ளிக்கு வண்டி வாடகைகூடப் பெரிதாக வராது. முதலில் ஒரே ஒரு வகுப்பறைக்குப் போட்டுப் பார்க்கட்டும். தரையில் என்ன பூ வேண்டுமென்று அந்த வகுப்புப் பிள்ளைகளே வரைந்து கொடுக்க, அதற்கு அந்தப் பெரியவர் அச்சு செய்யட்டும்.