48 மடையும் நாலு பேர் நூலகமும்

ஆர்.எஸ்.மங்கலம் என்றதும் அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கண்மாய்தான். நாரையால் பறந்து கடக்க முடியாது, 48 மடை என்று பெருமையாகச் சொல்வார்கள். மடை எத்தனை இருந்தால் என்ன? எதை எப்போது திறப்பது, அடுத்த முறை யாருக்கு என்று தெரிந்தால்தான் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகும். கம்ப்யூட்டர்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்!

அப்படி ஒரு ஊரில் சின்ன நூலகம், மூன்று நான்கு பேர். பழைய புத்தகங்களுக்கு எண் போட வேண்டும், கிழிந்ததை பைண்டிங்குக்கு அனுப்ப வேண்டும், கோடை லீவில் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்த வேண்டும். எது எந்த நிலையில் இருக்கிறது என்பது நூலகர் தலைக்குள் மட்டும்தான் இருக்கும். அவருக்கு மாறுதல் வந்தால் அதுவும் அவரோடு பஸ் ஏறிவிடும். சாப்ட்வேர் வேண்டும் என்பதற்கு இதுதான் உண்மையான காரணம்.

பலர் குழம்பும் இடம் கோஹா. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா என்ற பகுதியின் நூலகங்களுக்காக 1999இல் எழுதியது. அவர்களுடைய பழைய சாப்ட்வேர் 2000ஆம் ஆண்டைத் தாங்காது என்ற நிலை. புதியதை 2000 ஜனவரியில் ஓடவிட்டு, உலகத்துக்கே இலவசமாகவும் கொடுத்தார்கள். கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு. ஆனால் அது புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று சொல்லும்... வேலை யாரிடம் நிற்கிறது என்று சொல்லாது.

அதற்கு ட்ரெல்லோ மாதிரி ஒன்று வேண்டும். செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது என்று மூன்று வரிசை. ஒரு வேலைக்கு ஒரு அட்டை. அட்டை கேட்டலாக் பழகிய நூலகருக்கு இது புதிதே இல்லை! சென்னை நிறுவனமான ஜோஹோவின் ப்ராஜெக்ட்ஸில் இன்னும் நிறைய வசதி உண்டு. நாலு பேருக்கு அத்தனையும் தேவையா என்பதுதான் கேள்வி.

இலவசம் என்றதும் விழுந்துவிடவும் கூடாது. 2011இல் வந்த ட்ரெல்லோவை 2017இல் அட்லாசியன் வாங்கியது. 2024இல் இலவசக் கணக்கில் 10 பேருக்கு மேல் சேர முடியாது என்று ஆக்கியது. வுண்டர்லிஸ்ட்டை 2015இல் வாங்கிய மைக்ரோசாப்ட், 2020 மே 6இல் மூடியே விட்டது. ஆகவே உள்ளே போட்டதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

போனில் திறக்கிறதா, தமிழில் எழுத முடிகிறதா என்பதெல்லாம் அடுத்து. எல்லாவற்றையும் விட முக்கியம், கம்ப்யூட்டர் என்றாலே தள்ளி நிற்கும் அந்த ஒருவர் அதைத் தினமும் திறப்பாரா? அவர் திறக்காவிட்டால் மற்ற மூவர் போட்ட கணக்கும் அரைகுறைதான்.

அதனால் முதல் மாதம் சுவரில் ஒரு சார்ட் ஒட்டி, அட்டை குத்திப் பாருங்கள். செலவு ஐம்பது ரூபாய்கூட ஆகாது. அது ஓடினால் சாப்ட்வேருக்குப் போகலாம். சார்ட்டையே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், எந்த சாப்ட்வேர் வந்தும் பிரயோஜனம் இல்லை.

உங்கள் ஊர் நூலகத்தில் வேலையெல்லாம் யார் தலைக்குள் இருக்கிறது? ஒருநாள் போய்க் கேட்டுப் பாருங்களேன்.