குளிர் இறக்கிய காற்று

ரொறன்ரோவில் ஒக்டோபர் பாதி கழிந்ததும் ஒரு கேள்வி தொடங்கிவிடும். கோயில் கார்த் தரிப்பிடத்திலும் கேட்பார்கள், மரக்கறிக் கடை வாசலிலும் கேட்பார்கள், விடிய முன்னமே தொலைபேசி எடுத்தும் கேட்பார்கள். "அண்ணை, உந்த ரயர் லைற் விடிய எரியுது. ஹைவேயில கொஞ்சத் தூரம் ஓட நூந்து போகுது. சென்சர்தான் பழுது போலை. என்ன செய்யிறது?" கராஜில் ரயர் மாற்றும் வேலையில் பல குளிர்காலங்களைக் கழித்தவன் என்பதால் கேள்வி என்னிடம் வருகிறது. பதிலை ஒரு வரியில் சொல்லிவிடலாம். சென்சர் பழுதில்லை, ரயரில் காற்றுக் காணாது. ஆனால் அந்த வரியை நம்பவைப்பதற்குத்தான் அரை மணி நேரம் வேண்டும். விளக்கு தானாக அணைந்ததைக் கண்ணால் கண்டவர் பிரச்சினையும் அதோடு போய்விட்டது என்றே எண்ணுகிறார். அப்படி எண்ணுவது இயல்பு. எனக்குப் பயமும் அதில்தான்.

எங்கள் தெருவில் ஒரு தம்பி இருக்கிறான். பொதி விநியோகம் செய்கிறான். சொந்தக் கார், விடிய ஐந்து மணிக்குப் புறப்பாடு. போன நவம்பரில் ஒருநாள், புல்லின்மேல் வெண்பனி உறைந்து கிடந்த நேரம், அவனுடைய காரடியில் இருவரும் நின்றோம். பூச்சியத்துக்குக் கீழே 5 பாகை. வால்வின் சின்ன மூடியைக் கையுறையோடு திருக முடியாது, கழற்றினால் விரல் விறைக்கிறது. அளவுமானியை அழுத்தியதும் 'சுஸ்' என்று ஒரு கணம் காற்று இரைந்து அடங்கியது. 25. அடுத்த சில்லு 24. பின்சில்லுகள் இரண்டும் 25, 26. டோர்ச் அடித்துச் சுற்றிப் பார்த்தேன். ஆணி இல்லை, வெட்டு இல்லை. வால்வு நுனியில் எச்சில் தொட்டு வைத்தும் குமிழி வரவில்லை. அவன் கமக்கட்டுக்குள் கையை வைத்தபடி கேட்டான்: "ஓகஸ்டிலைதானே அண்ணை நாலுக்கும் 33 அடிச்சனான். காத்து எங்கை போனது?"

பெரும்பகுதி எங்கும் போகவில்லை. ஓகஸ்டில் அவன் காற்றடித்த பின்னேரம் 28 பாகை வெப்பம் இருந்ததென்று வைப்போம். மானி காட்டும் 33 பி.எஸ்.ஐ. என்பது வெளிக்காற்றின் அமுக்கத்துக்கு மேலாக உள்ளே இருக்கும் மிச்சம். வெளியமுக்கம் 14.7ஐயும் சேர்த்தால் ரயருக்குள் உண்மையில் இருப்பது 47.7. வெப்பநிலையையும் பூச்சியத்திலிருந்து எண்ணக் கூடாது, மறை 273இலிருந்து எண்ண வேண்டும். அப்போது 28 பாகை 301 ஆகிறது, மறை 5 பாகை 268 ஆகிறது. 47.7ஐ 268ஆல் பெருக்கி 301ஆல் வகுத்தால் 42.5. அதில் வெளியமுக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது 27.8. ஒரு மூலக்கூறுகூட வெளியேறாமல் 5 பி.எஸ்.ஐ. இறங்கிவிட்டது. மீதிக் குறைவு றப்பரின் ஊடாகவே கசிந்தது. நல்ல ரயரும் மாதத்துக்கு 1 பி.எஸ்.ஐ. அளவில் இழந்துகொண்டுதான் இருக்கும். ஓகஸ்ட் முதல் நவம்பர் வரை மூன்று மாதம். இவ்வளவு கணக்கும் வேண்டாம் என்பவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்திருக்கலாம்: வெப்பநிலை ஏறக்குறைய ஐந்தரைப் பாகை இறங்கினால் ரயரில் 1 பி.எஸ்.ஐ. இறங்கும்.

இந்த விதியின் ஒரு பாதியை யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்குனி வெயிலில் சைக்கிளை முற்றத்தில் விட்டால் "ரியூப் வெடிக்கும், நிழலிலை விடு" என்று சத்தம் போடாத தகப்பன் எங்கள் ஊரில் இல்லை. மற்றப் பாதியைக் காண அங்கே வழியில்லை. மாரியிலும் கோடையிலும் வெப்பம் பெரிதாக மாறாத ஊரில் சில்லில் காற்று இறங்கியிருந்தால் காரணம் முள்ளு அல்லது வால்வு. காற்றுக் குறைந்தால் ஓட்டை இருக்க வேண்டும், ஓட்டை இல்லையென்றால் மானி பொய் சொல்கிறது. இந்த எண்ணத்தையும் நாங்கள் பெட்டியோடு சேர்த்து இங்கே கொண்டுவந்துவிட்டோம். ஊரில் அது முழுச் சரி. இங்கேதான் அது ஆளை ஏமாற்றுகிறது.

இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தவர் கியோம் அமொந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர். சிறுவயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். அடைத்துவைத்த காற்றைச் சூடாக்கினால் அதன் அமுக்கம் ஒரு குறித்த விகிதத்தில் ஏறும், குளிரவைத்தால் அதே விகிதத்தில் இறங்கும் என்று 1702 அளவில் பாரிசில் காட்டினார். இறங்கிக்கொண்டே போனால் அமுக்கமே இல்லாத ஒரு குளிர் இருந்தாக வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு வந்தது. நான் மேலே மறை 273இலிருந்து எண்ணியது அந்த எண்ணத்தின் வழியில்தான். காற்றடைத்த ரயர் அப்போது உலகத்தில் இல்லை. ஜோன் டன்லொப் பெல்பாஸ்ற்றில் தன் மகனின் முச்சக்கர சைக்கிளுக்குக் காற்றுச் சில்லு செய்து காப்புரிமை பெற்றது 1888இல்.

டாஷ்போர்டில் எரியும் விளக்கின் பின்னால் நிறைய உயிர்கள் இருக்கின்றன. 2000 ஓகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்ரோன் நிறுவனம் 65 இலட்சம் ரயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஓடும்போதே ரயரின் மேற்பட்டை கழன்று வாகனங்கள் உருண்டன. அந்த விபத்துகளில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயரின் குறையோடு காற்றின் அளவும் அப்போது விசாரணைக்கு வந்தது. அதே ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி 2007 செப்டெம்பரிலிருந்து அங்கே விற்கப்படும் புதிய இலகு வாகனங்கள் எல்லாவற்றிலும் ரயர் அமுக்கத்தைக் கண்காணிக்கும் அமைப்புக் கட்டாயமானது. கனடாவில் ஓடுபவையும் பெரும்பாலும் அதே வாகனங்கள்தான்.

ஆனால் அந்தச் சட்டம் சொல்வது என்ன என்பதைப் பலர் அறியவில்லை. அமுக்கம் விதித்த அளவிலிருந்து கால்வாசி குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். 33இல் கால்வாசி போனால் 24.75. அதாவது 26இல் ஓடும் கார் ஒரு விளக்கும் எரியாமல் சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும். "லைற் எரியேல்லை, அப்ப காத்து இருக்குது" என்று சொல்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். விளக்கு எரியவில்லை என்றால் இன்னும் கால்வாசி போகவில்லை என்று மட்டும் பொருள்.

இனி அது அணைந்துபோகும் கதை. கார் ஓட ஓட ரயர் சூடாகிறது. 24இல் புறப்பட்டவன் ஹைவேயில் அரை மணி நேரம் ஓடினால் உள்ளே 27 ஆகிவிடும், விளக்கும் அணைந்துவிடும். கதவுத் தூணில் எழுதியிருக்கும் 33 என்பதோ நின்று ஆறிய ரயருக்கு உரிய அளவு. சூட்டில் ஏறிய மூன்றையும் கணக்கில் சேர்க்க முடியாது. விளக்கு அணைந்த பிறகும் அந்தத் தம்பியின் ரயர்களில் சராசரியாக எட்டுக் குறைவுதான். அதுவுமல்லாமல், அந்தச் சூட்டில் ஒரு பகுதி காற்றுக் குறைவினாலேயே வருகிறது. தொய்ந்த பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிர்கிறது, றப்பர் உள்ளே காய்கிறது. ரயரைத் தின்கிற அதே சூடுதான் விளக்கையும் அணைத்துவிடுகிறது.

சென்சர் உண்மையாகவே பழுதாவதும் உண்டு. அதற்கு வேறு அடையாளம் இருக்கிறது. காரை இயக்கியதும் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவிட்டு மின்னி, அதற்குப் பிறகு நிலையாக எரிந்தால் அமைப்பில் கோளாறு. மின்னாமல் நேரே நிலையாக எரிந்தால் காற்றைப் பாருங்கள்.

எரிபொருள் நட்டத்தைப் பற்றி நான் அதிகம் பேசுவதில்லை. சராசரியாக 1 பி.எஸ்.ஐ. குறைவுக்கு 0.2 வீதம் என்பது அமெரிக்க அரசின் கணக்கு. எட்டுக் குறைந்தாலும் இரண்டு வீதம் வராது. ரயரின் இரண்டு ஓரமும் தேய்ந்து காலத்துக்கு முந்தியே மாற்ற வேண்டிவருவதும் தாங்கக்கூடிய நட்டம்தான். தாங்க முடியாதது வேறு. காருக்கும் தெருவுக்கும் உள்ள தொடர்பெல்லாம் ஒவ்வொரு சில்லின் அடியிலும் ஓர் உள்ளங்கை அகலம். நவம்பரில் நேரத்தை ஒரு மணி பின்னால் தள்ளிய பிறகு பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டு. 401 ஹைவேயில் மழை. ஓரத்துத் தெருக்களில் நனைந்த மேப்பிள் இலை. காற்றுக் குறைந்த ரயர் தேங்கிய தண்ணீரை வெட்டி ஓடாமல் அதன்மேல் ஏறி மிதக்கும், திருப்பத்தில் தாமதித்துத் திரும்பும். அந்த நேரத்தில் தெருவில் ஓடுகிறவர்கள் யார்? தொழிற்சாலை இரவு வேலைக்குப் போகிறவர்கள், முதியோர் இல்லத்தில் பணி முடித்து வருகிற பெண்கள், பொதி கொண்டுபோகும் பிள்ளைகள். களைப்பில் கண் சொருக ஓடுகிறவர்களுக்குக் காரும் தன் பங்கைச் சரியாகச் செய்ய வேண்டும்.

ஒக்டோபர் கடைசியில் வின்ரர் ரயர் போடக் கராஜ்களில் வரிசை நிற்கும். வெப்பம் 7 பாகைக்குக் கீழே போனால் கோடை ரயரின் றப்பர் இறுகத் தொடங்கிவிடும் என்பதால் மாற்றுவது மிக நல்லது; கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டமே. ஆனால் ரயர் மாற்றியாகிவிட்டது, இனிச் சித்திரை வரை கவலையில்லை என்று இருந்துவிடாதீர்கள். கராஜின் உள்ளே 20 பாகைச் சூட்டில் சரியாக 33 அடித்துக் கொடுத்தாலும், தை மாதத்தில் மறை 15 பாகையில் விடியும்போது அதே ரயரில் 27தான் இருக்கும். அடித்தவர் மேல் பிழையில்லை. இன்னொன்று, தனி றிம்மில் வின்ரர் ரயர் வைத்திருப்பவர்கள் பலர் செலவைப் பார்த்து அதில் சென்சர் போடுவதில்லை. அந்தக் கார்களில் விளக்கு மாரி முழுவதும் எரிந்துகொண்டே இருக்கும். கண்ணும் அதற்குப் பழகிவிடும். ஆண்டிலேயே மிகக் குளிரான நான்கு மாதமும் அவர்களுக்கு எச்சரிக்கையே இல்லை. அவர்கள் கட்டாயம் கையால் அளக்க வேண்டும்.

அளப்பதற்குச் சொந்த மானி ஒன்று வாங்குங்கள். இருபது டொலருக்குள் கிடைக்கும், கையுறைப் பெட்டியில் கிடக்கும். பெற்றோல் நிலையத்துக் குழாயில் பூட்டியிருக்கும் மானி தரையில் விழுந்து விழுந்து அடிபட்டது. அதை நான் நம்புவதில்லை. அடிக்க வேண்டிய அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கிறது, 230 கிலோ பாஸ்கல், 33 பி.எஸ்.ஐ. என்பதுபோல். ரயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் பெரிய எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடித்துவிட்டு வந்து கார் குதிக்கிறது என்று சொன்னவர்களையும் கண்டிருக்கிறேன்.

குளிர்ந்த ரயரில் அளக்க வேண்டுமென்றால் பெற்றோல் நிலையம் வரை ஓடினாலே சூடாகிவிடுமே என்று தம்பியும் கேட்டான். நியாயமான கேள்வி. வீட்டு வாசலிலேயே அளந்து எவ்வளவு குறைவு என்று எழுதிக்கொள்ள வேண்டும். 25 என்றால் குறைவு 8. நிலையத்தில் மானி 27 காட்டினால் 33இல் நிறுத்தாமல் அந்த எட்டையும் கூட்டி 35 வரை அடிக்க வேண்டும். பிறகு ஒருநாள் பகலில் வெயில் எறித்து மானி இரண்டு மூன்று கூடக் காட்டினால் காற்றைத் திறந்துவிடக் கூடாது, அடுத்த குளிரில் அது தானாக இறங்கும். பனியில் பிடிப்புக் கூடும் என்று வேண்டுமென்றே காற்றைக் குறைத்து ஓடும் பழக்கமும் சிலரிடம் உண்டு. நாங்கள் ஓடுவது உப்புத் தூவி வழித்த தெருவில், அங்கே அது ஆபத்து மட்டுமே.

காசு கொடுத்து நைதரசன் அடிப்பதையும் கேட்கிறார்கள். நாங்கள் மூச்சுவிடும் காற்றிலேயே 78 வீதம் நைதரசன்தான். குளிரில் அதுவும் அமொந்தோன் சொன்னபடியே இறங்கும். அந்தக் காசுக்கு மானி வாங்கலாம். வால்வு மூடி தொலைந்திருந்தால் புதிது போடுங்கள், ஈரம் புகுந்து உறைந்தால் வால்வு சரியாக மூடாது. பின்பெட்டியில் கிடக்கும் மெல்லிய உதிரிச் சில்லுக்குப் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. வேண்டும். அதையும் ஒருமுறை பாருங்கள், தெருவோரத்தில் தேவைப்படும் இரவில் அது தட்டையாக இருந்தால் பயனில்லை.

மாதம் ஒருமுறை, குளிர் திடீரென்று இறங்கிய வாரத்தில் இன்னொருமுறை, காரை எடுக்க முன் அளந்து பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது இரவு வேலைக்குப் போகிறவர்கள் இருந்தால் அவர்கள் பகலில் படுத்திருக்கும் நேரத்தில் நீங்களே அந்தக் காரைப் பார்த்துவிடுங்கள். மூன்று மணி நேரம் நின்ற ரயர் அளக்கத் தயார், நான்கு சில்லுக்கும் பத்து நிமிடம் போதும்.